பழைய வேரடைப்பும் புதிய கருவிகளும்



"இந்தப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்து ஐந்தாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. நரம்பையே எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். நரம்பில்லாத பல் எப்படி வலிக்கும்?" பல் மருத்துவரிடம் போகிற நம் மக்கள் பலர் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார். "வேரின் அடியில் மறுபடியும் சீழ் பிடித்திருக்கிறது. உள்ளே இருக்கும் பழைய அடைப்பை எடுத்துவிட்டு மீண்டும் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பல்லைப் பிடுங்க வேண்டும்" என்கிறார். சில இடங்களில், "எங்களிடம் புதிய சுழல் கருவி இருக்கிறது, விரைவில் முடித்துவிடலாம்" என்ற பேச்சும் அதோடு வருகிறது.

அப்போது என்ன செய்வது? ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறோம். கையில் இருக்கும் வெள்ளியோ அளவானது. பிடுங்குவது மலிவு. மறுசிகிச்சைக்குச் செலவு கூடுதல். அந்தக் கருவி உண்மையிலேயே நல்லதா, வெறும் விளம்பரமா என்பதும் நமக்குத் தெரிவதில்லை. ஆகவே, பழைய வேரடைப்பை எடுப்பதற்கு இன்று என்னென்ன கருவிகள் உள்ளன, அவற்றுள் எது எதில் சிறந்தது, எதனால் என்ன ஆபத்து என்பதை இன்றைய பேச்சில் பார்ப்போம்.

முதலில், பல்லுக்குள் இருக்கும் அந்த அடைப்பு என்ன பொருள் என்று தெரிந்துகொள்வோம். அதன் பெயர் கட்டாபெர்ச்சா. பெயரைக் கேட்டதும் ஏதோ அந்நிய நாட்டு மருந்து என்று நினைக்க வேண்டாம். அது நம் மண்ணின் மலாய்ச் சொல். 'கெத்தா' என்றால் மரத்துப் பால் என்பது உங்களுக்குத் தெரியும். மலாயாவின் காடுகளில் வளர்ந்த தாபான் மரத்தின் பாலிலிருந்து கிடைப்பதுதான் இந்தக் கட்டாபெர்ச்சா. இந்த வட்டாரத்து மக்கள் அதை வெந்நீரில் இளக்கிப் பாராங் கத்திக்குப் பிடி செய்துகொண்டார்கள். சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மாண்ட்காமரி அதைக் கவனித்தார். 1843ஆம் ஆண்டில் அதன் மாதிரிகள் இங்கிலாந்துக்குப் போயின. 1851ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிக்கு இதுவே உறையாயிற்று. 1867ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் மருத்துவரான பௌமன் இதைப் பல்லின் வேரை அடைக்கப் பயன்படுத்தினார். இன்றுவரை உலகெங்கும் பல் வேரை அடைக்கப் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

நம் பெரியவர்கள் வெட்டிய ரப்பர்ப் பாலும் இந்தக் கட்டாபெர்ச்சாவும் அடிப்படையில் ஒரே சேர்மம்தான். உள்ளே கண்ணிகள் கோத்திருக்கும் முறையில்தான் வேறுபாடு. அதனால் ரப்பர் இழுத்தால் நீளும். கட்டாபெர்ச்சா விறைப்பாக நிற்கும், சூடு பட்டால் மெழுகைப்போல் இளகும். பல்லில் வைக்கும் ஊசி போன்ற குச்சியில் ஐந்தில் ஒரு பங்குதான் கட்டாபெர்ச்சா. மிச்சத்தில் பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடுத் தூள். எக்ஸ்ரேயில் தெரிவதற்கான பொருளும் சிறிது கலந்திருக்கும். இந்தக் குச்சியை ஒரு பசையோடு சேர்த்து வேருக்குள் அடைத்துவிடுகிறார்கள். சூடு பட்டால் இளகும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சொல்லப்போகும் சுழல் அரங்கள் அந்தக் குணத்தை நம்பித்தான் வேலை செய்கின்றன.

சரி, நன்றாக அடைத்த பல் மறுபடியும் ஏன் கெடுகிறது? பெரும்பாலும் கிருமிகளால்தான். முதல் சிகிச்சையில் வேர்க்குழாய் முழுவதும் சுத்தமாகாமல் இருந்திருக்கலாம். ஒரு குழாய் கண்ணில் படாமலே போயிருக்கலாம். மேல்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லில் நான்காவதாக ஒரு மெல்லிய குழாய் பல பேருக்கு உண்டு. அது தப்பிப் போவது அடிக்கடி நேர்கிறது. சிகிச்சைக்குப் பிறகு பல்லுக்கு மேல் உறை போடாமல் விட்டு, மேலடைப்பு பெயர்ந்து, எச்சில் உள்ளே கசிந்திருக்கலாம். எப்படியானாலும், உள்ளே குடியேறிய கிருமிகளை அடைய வேண்டுமானால் வழியில் நிற்கும் பழைய அடைப்பை முதலில் எடுத்தாக வேண்டும்.

அது எவ்வளவு நுட்பமான வேலை என்று எண்ணிப் பாருங்கள். பல்லின் முழு நீளமே ஏறத்தாழ 2 சென்டிமீட்டர்தான். வேர்க்குழாயின் நுனி கால் மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகியிருக்கும். குழாய் நேராகவும் இருக்காது, வளைந்து போகும். சில இடங்களில் வட்டமாக இல்லாமல் தட்டையாக இருக்கும். பால் மரம் வெட்டியவர்களுக்கு இந்த வேலையின் சிரமம் எளிதில் புரியும். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் வராது, கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடம் முடிச்சு விழுந்து போகும். பல் மருத்துவர் நிலையும் அதுவே. அடைப்பை எடுக்க வேண்டும். ஆனால் வேரின் சுவரைச் சுரண்டி மெலிய வைக்கக் கூடாது. வேர் மெலிந்தால் பின்னாளில் அது பிளந்துபோகும். பிளந்த வேரைப் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது.

இனிக் கருவிகளைப் பார்ப்போம்.

முதலாவது, கையால் பிடித்து வேலை செய்யும் அரம். இரும்பு அராவும் அரம் நமக்குத் தெரியும். இது ஊசியளவு மெல்லிய எவர்சில்வர் அரம். இவற்றுள் ஹெட்ஸ்ட்ரோம் என்னும் வகை, உள்ளே விட்டு வெளியே இழுக்கும்போது அடைப்பைக் கொத்திக்கொண்டு வரும். கையால் செய்வதில் ஒரு நன்மை உண்டு. முன்னே என்ன இருக்கிறது, எங்கே தட்டுகிறது என்பதை விரல் நுனி உணரும். குறை என்னவென்றால் நேரம் பிடிக்கும், மருத்துவருக்கும் நோயாளிக்கும் அலுப்பு. அத்தோடு, தள்ளித் தள்ளி வேலை செய்வதால் பழைய அடைப்பின் துணுக்குகள் வேரின் நுனியைத் தாண்டி எலும்புப் பக்கம் போவதற்கு வாய்ப்பு அதிகம். அப்படிப் போனால் சில நாள் வீக்கமும் வலியும் வரலாம்.

இரண்டாவது, கேட்ஸ் கிளிடன் என்னும் பழைய சுழல் கருவி. மெல்லிய காம்பின் நுனியில் பூமொட்டு வைத்தது போல் இருக்கும். 1 முதல் 6 வரை ஆறு அளவுகள் உண்டு. காம்பில் உள்ள கோடுகளை எண்ணி அளவைத் தெரிந்துகொள்வார்கள். வேரின் மேல்பகுதி நேராக இருக்கும். அங்கே இருக்கும் அடைப்பை இது விரைவாக எடுத்துவிடும். ஆனால் இது வளையாது. வளைவுக்குள் இதைக் கொண்டுபோனால் வேரின் பக்கவாட்டில் ஓட்டை விழும். ஆகவே வாசலைத் திறக்க மட்டுமே இது. வீட்டுக்குள் போக இது உதவாது.

மூன்றாவதுதான் இப்போது அதிகம் பேசப்படும் சுழல் அரங்கள். இவை நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகத்தால் ஆனவை. எவர்சில்வர் ஊசியை வளைத்தால் வளைந்தபடி நின்றுவிடும். இந்த உலோகமோ வளைந்து கொடுத்து, விட்டவுடன் நிமிர்ந்துகொள்ளும். பல் வேருக்கான அரத்தை இந்த உலோகத்தில் செய்யலாம் என்று 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எழுதிக் காட்டினார்கள். அதன் பிறகுதான் வளைந்த குழாய்க்குள்ளும் இயந்திரத்தால் சுழற்ற முடிந்தது.

பழைய அடைப்பை எடுப்பதற்கென்றே செய்த வகைகளில் மூன்றைச் சொல்கிறேன். ஒன்று, புரோடேப்பர் மறுசிகிச்சை அரங்கள். இதில் மூன்று அரங்கள் உண்டு. முதலாவது 16 மில்லிமீட்டர் நீளம், வேரின் மேல்பகுதிக்கு. இரண்டாவது 18 மில்லிமீட்டர், நடுப்பகுதிக்கு. மூன்றாவது 22 மில்லிமீட்டர், அடிப்பகுதிக்கு. முதல் அரத்தின் நுனி மட்டும் வெட்டக்கூடியது. அடைப்புக்குள் துளைத்து நுழைவதற்காக அப்படி. மற்ற இரண்டின் நுனியும் மழுங்கலாக இருக்கும். குழாயை விட்டு விலகிப்போகாமல் இருப்பதற்காக அப்படி. இன்னொன்று, எம்-டூ என்ற வகை. இதில் இரண்டே அரங்கள், இரண்டும் மெல்லியவை. ஆகையால் வேர்ச்சுவரை அதிகம் சீவுவதில்லை. ஆனால் நுனி வெட்டக்கூடியது என்பதால் வளைவில் கவனம் தேவை. மூன்றாவது, ஆர்-எண்டோ என்ற பிரான்சு நாட்டு வகை. இதில் முதலில் ஓர் அரத்தைக் கையால் விட்டு வழியை உண்டாக்கிக்கொண்டு, பிறகு மற்ற அரங்களை இயந்திரத்தில் பொருத்துவார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் வேலை முறை ஒன்றே. அரம் சுழலும்போது உராய்வில் சூடு பிறக்கிறது. அந்தச் சூட்டில் கட்டாபெர்ச்சா இளகுகிறது. இளகியது, திருகாணியின் மரை போல் இருக்கும் அரத்தின் பள்ளங்களில் சுற்றிக்கொண்டு மேலே ஏறி வருகிறது. தேங்காய்த் திருகியில் பூ மேலெழுந்து வருவதைப் பார்த்திருப்பீர்களே, ஏறத்தாழ அப்படித்தான். சுழலும் என்றதும் பயப்பட வேண்டாம். சொத்தையைக் குடையும் கருவி நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. புரோடேப்பர் மறுசிகிச்சை அரமோ 500 முதல் 700 சுற்று வரைதான்.

நான்காவது வகை, முன்னும் பின்னும் திரும்பும் அரங்கள். ரெசிப்ரோக், வேவ்ஒன் என்பவை இந்த இனம். இவை ஒரே பக்கமாகச் சுழல்வதில்லை. ரெசிப்ரோக்கை எடுத்துக்கொண்டால், இடப்பக்கம் 150 பாகை திரும்பி வெட்டும். உடனே வலப்பக்கம் 30 பாகை திரும்பித் தளரும். மூன்று முறை இப்படிச் செய்தால் ஒரு முழுச் சுற்று ஆகும். மரத்தில் இறுக்கமான திருகாணியை முடுக்கும் தச்சர், இடையிடையே சற்றுப் பின்னுக்குத் திருப்புவார் அல்லவா? அதே யுக்திதான். இப்படித் தளர்த்துவதால் அரம் சிக்கி முறுக்கிக்கொண்டு உடைவது குறைகிறது. பல இடங்களில் ஒரே அரத்தால் வேலையை முடித்துவிடலாம். அந்த அரத்தை ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தியதும் எறிந்துவிட வேண்டும் என்பது அதன் விதி.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். இத்தனை வகையில் எது சிறந்தது?

இதை அறிவதற்காகப் பல நாடுகளில் ஆய்வு செய்திருக்கிறார்கள். பிடுங்கிய பற்களை எடுத்து, அவற்றுக்கு வேரடைப்புச் செய்து, பிறகு வெவ்வேறு கருவிகளால் அதை எடுத்து, பல்லைப் பிளந்தோ நுண்ணிய எக்ஸ்ரே முறையிலோ உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார்கள். அவற்றிலிருந்து தெரிய வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வேகத்தில் இயந்திர அரங்கள் பொதுவாகக் கை அரத்தை முந்துகின்றன. சுத்தத்தில் ஒரு வகைக்கும் மற்றொரு வகைக்கும் வேறுபாடு சிறிதுதான். ஓர் ஆய்வில் ஒன்று முன்னே நின்றால், மற்றோர் ஆய்வில் வேறொன்று முன்னே நிற்கிறது. ஆனால் ஒரு முடிவு திரும்பத் திரும்ப வருகிறது. எந்தக் கருவியும், அது கையால் இயங்குவதாகட்டும், சுழல்வதாகட்டும், முன்பின் திரும்புவதாகட்டும், பழைய அடைப்பை முற்றாக எடுத்துவிடுவதில்லை. மிச்சம் தங்குவது பெரும்பாலும் வேரின் அடிப்பகுதியில். அதாவது, கிருமிகள் தங்கக்கூடாத இடத்தில்.

காரணம் எளிது. கருவி வட்டமாகச் சுழல்கிறது. குழாயோ வட்டமாக இல்லை. மங்கில் உறைந்த பாலை ஒரே இழுப்பில் உரித்துவிடலாம். மரத்தின் வெட்டுக்கோட்டில் ஒட்டிக் காய்ந்த பாலோ சந்து பொந்துகளில் நின்றுவிடும். அதற்கு நகம் வேண்டும், பொறுமை வேண்டும்.

ஆகவே, நல்ல மருத்துவர் ஒரே கருவியோடு நிற்பதில்லை. மேல்பகுதியை இயந்திரத்தால் விரைவாகத் திறப்பார். வளைவு வந்ததும் மெல்லிய கை அரத்தை எடுத்து வழியைத் தடவிப் பார்ப்பார். அடைப்பு இறுகிப்போயிருந்தால் சில துளிக் கரைப்பான் விடுவார். குளோரோஃபார்ம் விரைவாகக் கரைக்கும். யூக்கலிப்டஸ் எண்ணெயும் ஆரஞ்சுத் தோல் எண்ணெயும் மெதுவாகக் கரைக்கும். கரைப்பானை அதிகம் விட்டால் அடைப்பு பூச்சுப்போல் சுவரில் அப்பிக்கொள்ளும். அதனால் அளவாகத்தான் விடுவார்கள். கடைசியாகக் கிருமிகொல்லி நீரால் பலமுறை கழுவி, நுண்ணதிர்வுக் கருவியால் அந்த நீரைக் கலக்கிவிடுவார். மூலையில் ஒளிந்தது அப்போதுதான் அசைந்து வரும். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் இன்னும் நன்று. அரம் வழியைத் திறக்கிறது. நீர்தான் சுத்தம் செய்கிறது.

இயந்திர அரத்தின் ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வளைந்த குழாயில் சுழலும்போது அதன் உலோகம் களைத்துப்போகிறது. ஒரு கம்பியை அப்படியும் இப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் திடீரென்று ஒடிகிறதே, அதைப்போல. நிக்கல் டைட்டானியம் அரம் பல வேளைகளில் முன்னறிகுறி இல்லாமலே ஒடியும். ஒடிந்த துண்டு வேருக்குள் நின்றுவிட்டால், அதை எடுக்கலாம், அல்லது பக்கவாட்டில் கடந்து போகலாம், சில நேரம் அப்படியே விட்டுக் கவனிக்கலாம். துண்டு உள்ளே இருப்பதாலேயே பல் போய்விட்டது என்று பொருளல்ல. ஆனால் அதை நோயாளியிடம் சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை. கேட்டுத் தெரிந்துகொள்வது நம் உரிமை.

ஒரு பாதுகாப்பைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். சிகிச்சையின்போது பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர்த் திரை மாட்ட வேண்டும். 1864ஆம் ஆண்டில் பார்னம் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் கண்ட வழி இது. எச்சில் உள்ளே போகாமலும், மருந்து நீர் வாயில் படாமலும், தப்பித் தவறி விழும் அரம் தொண்டைக்குள் போகாமலும் அது காக்கிறது. ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் முன்னதாகவே சொல்லிவிட்டால், ரப்பர் அல்லாத திரை மாட்டுவார்கள்.

சரி, மறுசிகிச்சை செய்தால் பல் நிலைக்குமா? பொதுவாகப் பத்துப் பல்லில் ஏழு எட்டு குணமாகின்றன. ஆனால் எல்லாப் பல்லுக்கும் இது பொருந்தாது. வேர் பிளந்த பல்லையும், உறை போட இடமில்லாமல் உளுத்துப்போன பல்லையும் எவ்வளவு உயர்ந்த கருவியும் காப்பாற்றாது. அங்கே பிடுங்குவதுதான் நல்ல மருத்துவம். அதில் வெட்கமில்லை, வருத்தப்படவும் வேண்டாம்.

ஆகவே தாய்மார்களே, பெரியவர்களே, மருத்துவரிடம் போகும்போது "உங்கள் இயந்திரத்தின் பெயர் என்ன?" என்று கேட்பதைவிட வேறு சில கேள்விகள் கேளுங்கள். "ஐயா, பழைய சிகிச்சை ஏன் கெட்டது? எக்ஸ்ரேயில் காட்டுங்கள். வேரில் விரிசல் இருக்கிறதா? அடைப்பை எடுத்த பிறகு இந்தப் பல்லுக்கு உறை போட முடியுமா? எத்தனை முறை வர வேண்டும்? உறையோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு செலவாகும்?" இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொல்பவரிடம் நம்பிச் செய்துகொள்ளலாம். தனியார் செலவு தாங்காது என்றால், அரசாங்கப் பல் மருத்துவமனையில் கேட்டு, நிபுணரிடம் அனுப்பும் கடிதம் வாங்க முடியுமா என்று பாருங்கள்.

சிகிச்சை தொடங்கிவிட்டால் பாதியில் விடாதீர்கள். முதல் முறை மருந்து வைத்ததும் வலி நின்றுவிடும். வலி நின்றதே, இனி எதற்கு ஒரு நாள் சம்பளத்தை இழப்பது என்று தோன்றும். இப்படி விட்ட பற்கள்தான் பிறகு பிடுங்க வரும் பற்களில் பல. தற்காலிக அடைப்பு சில வாரங்கள்தான் தாங்கும். அது கரைந்தால் கிருமி மறுபடி உள்ளே போகும். செய்த வேலையும் கொடுத்த பணமும் வீண். நிரந்தர அடைப்பும், கடைவாய்ப் பல்லானால் உறையும் போட்ட பிறகுதான் வேலை முடிந்தது. ஓராண்டு கழித்து ஒரு எக்ஸ்ரே எடுத்து, எலும்பு ஆறியிருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. கிராம்பு எண்ணெய் வலியைச் சற்று அடக்கும். வேரடியில் உள்ள சீழை அது ஆற்றாது. கன்னம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல் மட்டுமா, சோறும் போகிறது. கடைவாய்ப் பல்லை இழந்தவர் வாழ்நாளெல்லாம் ஒரு பக்கமாகவே மென்று தின்ன வேண்டியிருக்கிறது. காப்பாற்ற முடிந்த பல்லைக் காப்பாற்றுவோம். எந்தக் கருவியாயிருந்தாலும் அதைப் பிடித்திருக்கும் கையும், கழுவும் நீரும், நாம் கொடுக்கும் பொறுமையும்தான் பல்லைக் காப்பாற்றுகின்றன. நல்ல கத்தியை யார் கையில் கொடுத்தாலும் மரம் பால் தந்துவிடாது என்பது தோட்டத்தில் வளர்ந்த நமக்குத் தெரியாததல்லவே.